இடுப்பு வலி: மறைக்கவும் வேண்டாம், மிரளவும் வேண்டாம்



போன வருஷம் நடவு முடிந்த சமயம். நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவின் கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து கடன் கேட்டார். "இடுப்புல டிஸ்க் நகர்ந்திருக்காம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தாச்சு. உடனே ஆபரேஷன் பண்ணலைன்னா கால் விளங்காமப் போயிடும்னு சொல்றாங்க. தொண்ணூறாயிரம் ஆகுமாம். குழுவுல கொடுக்குறதைக் கொடுங்க, மீதியை வட்டிக்கு வாங்கிக்கிறேன்" என்றார்.

குழு மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குழுவின் ஊக்குநர் இரண்டு கேள்வி கேட்டார். "கால்ல பலம் குறைஞ்சிருக்கா? ஒண்ணுக்குப் போறதுல ஏதாவது தொந்தரவு இருக்கா?" இரண்டும் இல்லை என்றார் அக்கா. "அப்படின்னா ஒரு நாள் பொறுங்க. பெரியாஸ்பத்திரி எலும்பு டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுடுவோம்" என்று இரண்டு உறுப்பினர்கள் கூடவே போனார்கள். அங்கே காலைத் தூக்கச் சொல்லி, தட்டிப் பார்த்து, நடக்க வைத்துப் பார்த்தார்கள். "இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம்" என்று சொல்லி, மாத்திரையும் உடற்பயிற்சியும் தந்தார்கள். இரண்டு மாதத்தில் அந்த அக்கா களை எடுக்க வந்துவிட்டார். கடன் தேவைப்படவே இல்லை.

இன்னொரு குழுவில் நடந்தது வேறு மாதிரி. அந்த அக்காவுக்கும் இடுப்பு வலிதான். ஒரு நாள் உட்காருகிற இடமெல்லாம் மரத்துப்போனது. ஒண்ணுக்கு முட்டியும் வரவில்லை. "இதைப் போய் யார்கிட்ட சொல்றது"ன்னு வெட்கப்பட்டு ஆறு நாள் பொறுத்திருந்தார். பிறகு அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். இன்று நடக்கிறார். ஆனால் சிறுநீர் அடக்கம் முழுசாகத் திரும்பவில்லை. கூட்டத்துக்கு வருவதையும் குறைத்துக்கொண்டார்.

முதல் அக்கா தேவையில்லாத பயத்தால் கடனில் விழ இருந்தார். இரண்டாவது அக்கா ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாத வலியைப் பொறுத்துக்கொண்டார். எந்த வலி தானாக ஆறும், எந்த வலிக்கு ஓட வேண்டும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அதுதான் இந்த இதழின் பாடம்.

முதுகுத்தண்டு எப்படி இருக்கிறது?

நம் முதுகுத்தண்டு ஒரே எலும்பு அல்ல. சின்னச் சின்ன முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தூண். கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, இடுப்பில் 5 என்று 24 எலும்புகள் அசையக் கூடியவை. அதற்குக் கீழே உள்ளவை ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. இந்தத் தூணுக்குள் ஒரு குழாய் போன்ற வழி. அதற்குள் நரம்புகள் ஓடுகின்றன.

இரண்டு எலும்புக்கு நடுவில் ஒரு மெத்தை இருக்கிறது. அதுதான் டிஸ்க். நம் ஊரில் ஜவ்வு என்கிறோம். வெளியே டயர் போல உறுதியான நார் வளையம், உள்ளே நுங்கு போலக் கொழகொழவென்று ஒரு பொருள். குனியும்போதும் சுமை தூக்கும்போதும் அதிர்ச்சியைத் தாங்குவது இந்த மெத்தைதான்.

"டிஸ்க் நகர்ந்துடுச்சு", "ஜவ்வு விலகிடுச்சு" என்று சொல்கிறோம் அல்லவா? உண்மையில் முழு டிஸ்க்கும் இடம்விட்டுப் போவதில்லை. வெளி வளையத்தில் விரிசல் விட்டு, உள்ளே இருக்கும் பொருள் பிதுங்குகிறது. அது பக்கத்தில் உள்ள நரம்பை அழுத்தினால் வலி இடுப்போடு நிற்காது. பிட்டம், தொடை, கெண்டைக்கால், பாதம் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி இறங்கும். இதை சயாட்டிகா என்பார்கள். இருமினாலும் தும்மினாலும் சுள்ளென்று கூடும். பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் இப்படி ஆகிறது. உடம்பின் பாரமெல்லாம் அங்கேதான் இறங்குகிறது.

எல்லா இடுப்பு வலியும் டிஸ்க் வலி அல்ல

நூறு பேருக்கு இடுப்பு வலி என்றால், சுமார் தொண்ணூறு பேருக்கு அது தசை, மூட்டு, தசைநார் அலுப்பால் வருகிற சாதாரண வலி. குறிப்பிட்டு ஒரு நோயைச் சொல்ல முடியாது. சில வாரங்களில் தணியும். நமக்கு மட்டும் வந்த வியாதியும் அல்ல. 2020-ம் ஆண்டில் உலகம் முழுக்க 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

ஸ்கேன் பற்றியும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். வலியே இல்லாத ஆட்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளை 2015-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். இருபது வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு 30 பேருக்கு டிஸ்க் புடைத்திருந்தது. எண்பது வயதில் நூற்றுக்கு 84 பேருக்கு. ஆக, தலைமுடி நரைப்பது போல டிஸ்க்கும் வயதாக ஆகத் தேய்கிறது. ரிப்போர்ட்டில் "டிஸ்க் புடைப்பு" என்று எழுதியிருந்தால் அதுதான் வலிக்குக் காரணம் என்றும், ஆபரேஷன்தான் வழி என்றும் முடிவு கட்ட முடியாது. டாக்டர் நம்மைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

"பிரசவத்துல முதுகுல ஊசி போட்டாங்க, அதான் இந்த வலி" என்று நிறைய பேர் சொல்கிறோம். ஊசி குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். வருஷக்கணக்கில் வரும் வலிக்கு அந்த ஊசி காரணமல்ல. கர்ப்பத்தில் தளர்ந்த வயிற்றுத் தசையும், பிள்ளையை இடுப்பில் சுமந்ததும், போதிய ஓய்வில்லாமல் வேலைக்குத் திரும்பியதும்தான் பெரும்பாலும் காரணம்.

உடனே ஓட வேண்டிய அடையாளங்கள்

இதை வெட்டி எடுத்து வீட்டில் ஒட்டி வையுங்கள். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ராத்திரியானாலும் 108-ஐ கூப்பிடுங்கள்.

1. சிறுநீர் வராமல் அடைப்பது, அல்லது தெரியாமலே போய்விடுவது. மலம் அடக்க முடியாமல் போவது.
2. பிறப்புறுப்பு, ஆசனவாய், உள்தொடை, அதாவது சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போவது.
3. காலில் பலம் குறைவது. பாதம் தொங்குவது, செருப்பு நழுவுவது தெரியாமல் இருப்பது.
4. இரண்டு காலிலும் ஒரே சமயத்தில் வலியோ மரப்போ இறங்குவது.
5. மேலேயிருந்து விழுந்த பிறகு, அல்லது வண்டி விபத்துக்குப் பிறகு வரும் வலி.

முதுகுத்தண்டின் அடியில் நரம்புகள் குதிரை வால் போலக் கொத்தாகத் தொங்குகின்றன. சிறுநீரையும் மலத்தையும் கட்டுப்படுத்துவது இந்தக் கொத்துதான். இது நசுங்கினால் மணி நேரக் கணக்கு. தாமதமானால் நிரந்தர இழப்பு. அதனால் இங்கே வெட்கத்துக்கு இடமே இல்லை. டாக்டரிடம் "எனக்கு ஒண்ணுக்கு வரலை, அந்த இடம் மரத்துப்போச்சு" என்று நேராகச் சொல்லுங்கள். உங்களால் முடியாவிட்டால் கூட வரும் குழு உறுப்பினர் சொல்லட்டும்.

இன்னும் சில அடையாளங்கள் உண்டு. அன்றைக்கே ஓட வேண்டியதில்லை, ஆனால் அந்த வாரத்துக்குள் காட்ட வேண்டும்.

சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் விடாத ராத்திரி வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். நுரையீரலில் மட்டும்தான் காசநோய் வரும் என்பதில்லை. இதற்கு அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். முழுசாகச் சாப்பிட்டால் குணமாகும். குளிர் காய்ச்சலும் இடுப்பு வலியும் சிறுநீர் எரிச்சலும் சேர்ந்து இருந்தால் சிறுநீரகத் தொற்றாக இருக்கலாம். அதை மறுநாளைக்குத் தள்ளாதீர்கள். முன்பு புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்தவர்களும், மாதவிடாய் நின்ற பிறகு லேசாக வழுக்கி விழுந்ததிலேயே கடும் முதுகு வலி வந்தவர்களும் கட்டாயம் காட்ட வேண்டும். நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், கர்ப்பப்பை இறக்கம் இருந்தால் இடுப்பு வலிக்கு அதுவும் காரணமாகலாம். நர்ஸம்மாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சாதாரண வலிக்கும் டிஸ்க் வலிக்கும் என்ன செய்வது?

"படுத்தே கிட" என்பது பழைய வைத்தியம். இன்றைய வைத்தியம் "முடிந்தவரை நட" என்பதுதான். கடும் வலி என்றால் ஒன்றிரண்டு நாள் ஓய்வு போதும். அதற்கு மேல் படுத்துக்கொண்டே இருந்தால் தசை பலமிழந்து வலி நீளும். வீட்டுக்குள்ளேயே நூறடி நடங்கள். நாளுக்கு நாள் கூட்டுங்கள்.

படுக்கும்போது ஒருக்களித்து, முட்டிகளுக்கு நடுவில் ஒரு தலையணையோ சுருட்டிய சேலையோ வைத்துக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்தால் முட்டிக்கு அடியில் வையுங்கள். வெந்நீர் ஒத்தடம் இதம் தரும். மரத்துப்போன இடத்தில் மட்டும் சூடு வைக்காதீர்கள், சுட்டாலும் தெரியாது.

மாத்திரையில் கவனம் வேண்டும். மெடிக்கல் கடையில் "இடுப்பு வலிக்கு ரெண்டு கொடுங்க" என்று கேட்டு, பல மாத்திரைகளைக் கலந்து பொட்டலமாக வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடுகிறோம். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றில் புண் உண்டாக்கும். சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிரஷர் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து. டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள், சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும்.

எண்ணெய் போட்டு மெதுவாகத் தேய்ப்பதில் தப்பில்லை. ஆனால் முதுகை மிதிப்பது, "கால் முதல்ல வந்து பிறந்தவங்க உதைச்சா பிடிப்பு விட்டுடும்" என்று உதைக்கச் சொல்வது, சொடக்கு எடுப்பது எல்லாம் வேண்டாம். காசநோயால் உளுத்த எலும்பாக இருந்தால் உடைந்துபோகும். இடுப்பு பெல்ட்டையும் நம்பி இருக்காதீர்கள். நாட்பட்ட இடுப்பு வலிக்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டி வெளியிட்டது. பெல்ட்டும் இடுப்பை இழுத்துக் கட்டும் சிகிச்சையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றும், விளக்கிச் சொல்வதும் முறையான உடற்பயிற்சியும் வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தினால்கூட, பெரும்பாலோருக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் வலி நன்றாகக் குறைகிறது. பிதுங்கிய பொருளை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது.

ஆபரேஷன் கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. மேலே சொன்ன அபாய அடையாளம் இருந்தால் ஆபரேஷன்தான் காலையும் மானத்தையும் காப்பாற்றும். பல வாரம் வைத்தியம் செய்தும் கால் வலி தாங்க முடியவில்லை என்றாலும் செய்யலாம். நெதர்லாந்து நாட்டில் கடும் சயாட்டிகா உள்ள 283 பேரை வைத்து ஆய்வு செய்து 2007-ல் வெளியிட்டார்கள். சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது. ஆனால் ஒரு வருஷ முடிவில் இரண்டு பக்கமும் ஒரே கணக்கு, நூற்றுக்கு 95 பேர் தேறியிருந்தார்கள். அதனால் அபாய அடையாளம் இல்லாதபோது, யோசித்து முடிவெடுக்க நமக்கு நேரம் இருக்கிறது. யாராவது அவசரப்படுத்தினால் இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள். ஆபரேஷன் உறுதியானால் வட்டிக்கு வாங்கும் முன் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் செய்ய முடியுமா என்று விசாரியுங்கள்.

தினமும் பத்து நிமிஷப் பயிற்சி

கடும் வலி தணிந்த பிறகு, பாயில் படுத்துச் செய்யலாம். ஒவ்வொன்றும் பத்து தடவை. மூச்சை அடக்கக் கூடாது. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

1. முட்டி மடக்குதல்: மல்லாந்து படுத்து, ஒரு முட்டியை இரண்டு கையாலும் நெஞ்சை நோக்கி இழுங்கள். ஐந்து எண்ணி விடுங்கள். பிறகு அடுத்த கால்.
2. இடுப்பு தூக்குதல்: மல்லாந்து, இரண்டு முட்டியையும் மடக்கிப் பாதம் தரையில். இடுப்பை மட்டும் மெதுவாகத் தூக்கி ஐந்து எண்ணி இறக்குங்கள்.
3. பூனைப் பயிற்சி: கையும் முட்டியும் ஊன்றி மாடு போல நில்லுங்கள். முதுகை மேலே வளைத்து, பிறகு கீழே தாழ்த்துங்கள்.
4. முழங்கை ஊன்றுதல்: குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்குங்கள். இடுப்பு தரையிலேயே இருக்கட்டும்.

ஓர் அடையாளம் சொல்கிறோம். பயிற்சி செய்யும்போது காலில் இருந்த வலி மேலே ஏறி இடுப்போடு நின்றால் நல்லது, தொடருங்கள். வலி காலில் இன்னும் கீழே இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. அதில் வீடு வீடாகப் போன பெண் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வராமல் தடுக்க: வேலையை மாற்றுவோம்

"வேலை செய்யாதே" என்றால் நமக்குச் சாப்பாடு இல்லை. ஆனால் வேலை செய்கிற விதத்தை மாற்றலாம்.

காலையில் எழுந்ததும்: இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடுகிறது. அதனால்தான் காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருக்கிறோம். அந்த நேரத்தில் குனிந்தால் டிஸ்க்குக்கு அழுத்தம் அதிகம். எழுந்த உடனே குனிந்து வாசல் பெருக்காமல், முதல் அரை மணி நேரம் நின்று செய்யும் வேலைகளை முடியுங்கள். விளக்குமாற்றை ஒரு நீளக் கம்பில் கட்டிக்கொண்டால் நிமிர்ந்தே பெருக்கலாம்.

தண்ணீர் குடம்: 15 லிட்டர் குடத்தில் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. ஒரு பெரிய குடத்தை இடுப்பில் ஒடித்து வைப்பதைவிட இரண்டு கையிலும் சின்னக் குடமாகப் பிரித்துத் தூக்குவது நல்லது. இடுப்பில்தான் வைக்க வேண்டும் என்றால் பக்கம் மாற்றி மாற்றி வையுங்கள்.

சுமை தூக்கும்போது: ஒரு காலை முன்னால் வைத்து, முட்டியை மடக்கி, சுமையை வயிற்றோடு அணைத்துத் தூக்குங்கள். தூக்கியபடியே இடுப்பைத் திருக வேண்டாம். பாதங்களைத் திருப்பி நகருங்கள். மண் சட்டி, புல்லுக்கட்டு, விறகுக்கட்டைத் தலையில் ஏற்ற எப்போதும் இரண்டு பேர் வேண்டும்.

நடவு, களையெடுப்பு: அரை மணிக்கு ஒரு தடவை எல்லாரும் ஒன்றாக நிமிருங்கள். இரண்டு கையையும் இடுப்பில் வைத்து ஐந்து தடவை மெதுவாகப் பின்னால் சாயுங்கள். ஒருத்தர் மட்டும் நிமிர்ந்தால் "சோம்பேறி" என்பார்கள். எல்லாரும் நிமிர்ந்தால் அது முறை ஆகிவிடும். வரிசை நடவு போட்ட வயலில் கோனோ வீடர் உருட்டி நின்றபடியே களை எடுக்கலாம். வயலில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் தள்ளுவது சுலபம்.

தையல், பீடி, பூக்கட்டுதல்: முதுகுக்குச் சாய்மானம் வையுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து பத்தடி நடங்கள்.

கருவியைப் பற்றிச் சொல்லும்போது ஒரு செய்தி. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துக் காய்கறித் தோட்டங்களில் கூலி ஆட்களுக்குக் குட்டைப் பிடி போட்ட மண்வெட்டியைக் கொடுத்தார்கள். நாள் முழுக்க இடுப்பை ஒடித்துக் குனிந்துதான் கொத்த வேண்டும். பலருக்கு முதுகு போனது. நீளப்பிடி கொடுத்தால் பயிர் கெடும் என்றார்கள் முதலாளிகள். தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1975-ல் அந்தக் குட்டை மண்வெட்டிக்குத் தடை வந்தது. தப்பு அவர்கள் முதுகில் இல்லை, கையில் கொடுத்த கருவியில் இருந்தது. நாமும் "என் உடம்பு வாகு அப்படி"ன்னு நம்மையே நொந்துகொள்ளும் முன், கையில் இருக்கிற கருவியை ஒரு தடவை பார்ப்போம்.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் எத்தனை பேருக்கு இடுப்பு வலி? எத்தனை பேர் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை?
2. உடனே ஓட வேண்டிய ஐந்து அடையாளங்களைப் பார்க்காமல் யார் சொல்வார்கள்?
3. யாருக்காவது ராத்திரியில் அப்படி ஆனால் கூடப் போக எந்த இரண்டு உறுப்பினர்கள் தயார்? பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.
4. நீளப்பிடி விளக்குமாறு, கோனோ வீடர் போன்றவற்றைக் குழு நிதியில் வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ள முடியுமா?

கூட்டம் முடிந்து கலையும் முன் எல்லாரும் ஒரு தடவை எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, ஐந்து தடவை பின்னால் சாயுங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு ஐந்து அடையாளங்களையும் வாய்விட்டுப் படித்துச் சொல்லுங்கள். அது தெரியாமல் இன்னொரு அக்கா ஆறு நாள் பொறுத்திருக்கக் கூடாது.